கோடிப் புடவையில் எட்டு மாங்காய்

வைத்துக்கொடுக்கும் புடவையை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எங்கள் காரைக்கால் பக்கத்தில் இது எழுதாத சட்டம். விசேஷத்துக்கு வந்த பெண்களுக்குத் தாம்பூலத்தோடு ஒரு புடவை கொடுப்பார்கள். வாங்கியவர் மடிப்புக் கலையாமல் பீரோவில் வைப்பார்; அடுத்த விசேஷத்துக்கு அதே மடிப்போடு அது வேறொருவருக்குப் போகும். நான்கு வருடம் ஏழெட்டு வீடு சுற்றிவிட்டு, முதலில் கொடுத்தவருக்கே திரும்பி வந்த புடவைகளும் உண்டு. (வந்ததும், "அட, என்ன அழகான கலர்" என்று அவரே பாராட்டியிருக்கிறார்.)

இந்தச் சட்டத்தை நம்பித்தான் நான் கெட்டேன். என்னோடு சேர்ந்து அப்பாவின் மானமும் கெட இருந்தது. அதுவும் ஒரு சாவு வீட்டில்.

எண்பதுகளின் தொடக்கம். கோவில்பத்தில் இருந்தோம். அப்பாவுக்குக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை. எனக்குப் பதினெட்டு வயது. பரீட்சையில் கணக்கு மட்டும் போய்விட்டது. (மட்டும் என்பது சொந்தக்காரர்களுக்குச் சொன்னது. இயற்பியலும்தான்.) மறுபடி எழுத ஒரு வருடம் இருந்தது. "சும்மா ஒக்காந்திருந்தா புள்ள அதயே நெனச்சுக்கிட்டிருக்கும்" என்று அப்பா ஒரு பழைய தையல் மிஷினை வாங்கி வந்து ஜன்னலோரம் போட்டார்.

முதலில் தலையணை உறை தைத்தேன். அது எல்லோரும் தைப்பது. அடுத்து ரேடியோவுக்குச் சட்டை, தண்ணீர்ப் பானைக்குக் கொசுவம் வைத்த பாவாடை, காலண்டருக்குப் பூ வேலை செய்த ஓரம் என்று போனது. ஆறு மாதத்தில் எங்கள் வீட்டில் உடை உடுத்தாத பொருளே இல்லை. அப்பாவின் பழைய பேண்டில் அம்மாவுக்குக் காய்கறிப் பை தைத்தேன். ஜிப்பை வீணாக்க மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டதால், அம்மா கடைத்தெருவில் நான்கு பேர் பார்க்க அந்த ஜிப்பைத் திறந்துதான் கத்தரிக்காயை உள்ளே போட வேண்டியிருந்தது. இரண்டு வாரம் போட்டாள். மூன்றாவது வாரம் பழைய பையை எடுத்துக்கொண்டாள்.

கேடு ஒரு மாதப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் வந்தது. பூ, இலை, மாங்காய் என்று துணியில் உருவங்களை வெட்டி, இன்னொரு துணியின்மேல் வைத்துத் தைக்கும் வேலை. அதில் ஒரு மயில் போட்டிருந்தார்கள். தோகை முழுக்க மாங்காய். எங்கள் கூடத்துச் சுவரிலும் அது ஆடியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். தையல்கடையில் வாங்கிய வெட்டுத் துண்டுகள் எல்லாம் சட்டைத் துணி. அதில் தைத்தால் மயில் வராது, குமாஸ்தாதான் வருவார். பளபளப்பான துணி வேண்டும். அது அம்மாவின் பீரோவில், மேல் தட்டில், வைத்துக்கொடுப்பதற்கென்று அடுக்கிய ஐந்து புடவைகளாக இருந்தது.

அந்த வயதில் எனக்கு மூளை இல்லை என்று சொல்ல முடியாது. தேவையில்லாத இடத்தில் நிறையவே இருந்தது. யாரும் பிரிக்காத புடவையின் உள்மடிப்பில் கொஞ்சம் எடுத்தால் யாருக்கு நஷ்டம்? முனையில் வெட்டினால் நீளம் குறையும், அது மோசடி. நடுவில் வெட்டினால் ஆறு கெஜம் ஆறு கெஜமாகவே இருக்கும். (இந்த நியாயத்தை இன்றுவரை வீட்டில் ஒருவரும் ஏற்கவில்லை.) உள்மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்து மாங்காய் வடிவில் ஒரே வெட்டு. எட்டு மாங்காய்கள் ஒன்றாகக் கையில் விழுந்தன. பழையபடி மடித்து, அட்டையைச் செருகி, இருந்த இடத்தில் வைத்தேன். ஐந்து புடவைக்கும் இதே கதிதான்.

மயில் சுவரேறியது. வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மிஞ்சிய அரக்கு மாங்காய்களை வைத்து அப்பாவின் சைக்கிள் சீட்டுக்கு ஓர் உறை தைத்தேன், கீழே ஃபிரில் வைத்து. அப்பா, பரீட்சையில் போன பெண்ணின் மனம் உடைந்துவிடக் கூடாது என்று தினமும் அந்த ஃபிரிலின்மேல் உட்கார்ந்தே ஆபீசுக்குப் போனார்.

அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே அக்கா, செல்லம்மா அத்தை. நெடுங்காட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். மாமா சாது. மாமாவின் அக்கா ராஜாம்பாள் சாது இல்லை. கணவர் இறந்தபின் பிறந்த வீட்டுக்கே வந்து, பல வருடங்களாக அந்த வீட்டை ஆண்டுவந்தார். எங்கள் வீட்டிலிருந்து எந்தச் சீர் போனாலும் அவரிடம் ஒரு சொல் தயாராக இருக்கும். "வாழத்தாரு வந்திருக்கு, வாழப்பழத்தக் காணுமே" என்பார். இதையெல்லாம் அத்தை எங்களிடம் சொன்னதே இல்லை. அத்தை மகள் மல்லிகா சொல்லித்தான் தெரியும்.

மாசி மாதம் ஒரு காலை, பால் வரும் நேரத்தில், நெடுங்காட்டிலிருந்து ஆள் வந்தது. அத்தைக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் போய்விட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அப்பா செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டு அப்படியே நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

சுமங்கலியாகப் போகும் பெண்ணுக்குக் கடைசியாகக் கட்டுவது பிறந்த வீட்டுப் புடவை. கோடி என்போம். புதிதாக, ஊசி படாததாக இருக்க வேண்டும். கூடப்பிறந்தவன் கொண்டுவந்து தர வேண்டும். அது வராமல் தூக்க மாட்டார்கள்.

"கட தொறக்கற வரைக்கும் எங்க நிக்கறது? பீரோவுல புதுப் பொடவ இருக்குங்க" என்றாள் அம்மா. "வசந்தா, அந்த அரக்குல மஞ்சக் கர போட்டத எடுத்தா."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை. பீரோவில் மிச்சமிருந்த நான்கில் எதில் சேதம் குறைவு என்று மூளை கணக்குப் போட்டது. (ஐந்தாவது ஏற்கெனவே எந்த விசேஷத்துக்கோ போயிருந்தது.) எல்லாம் எட்டுதான். எடுத்துக் கொடுத்துவிட்டேன். அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு முன்னால் போனார். நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். சில வீடுகளில் செய்வதுபோல் மடிப்போடு மேலே வைத்துவிட வேண்டும், பிரிக்கக் கூடாது, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வழி முழுக்க அத்தையிடமே வேண்டிக்கொண்டு போனேன். செத்துப்போன அத்தையிடம் நான் முதன்முதலில் கேட்டது அதைத்தான். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அந்த வீட்டு முறை வேறாக இருந்தது. குளிப்பாட்டுவதற்குமுன் கோடியைச் சபைக்குக் காட்ட வேண்டுமாம். ராஜாம்பாள் புடவையை வாங்கிக்கொண்டு பந்தலின் நடுவில் வந்து நின்றார்.

"பொறந்த வூட்டுக் கோடி வந்துருச்சு. எல்லாரும் பாத்துக்குங்க."

ஒரு முனையை அவர் உயர்த்திப் பிடிக்க, இன்னொருத்தி மறுமுனையோடு நடந்தாள். புடவை விரிய விரிய ஒப்பாரி ஒரு பக்கமிருந்து அடங்கிக்கொண்டே வந்து, மறுபக்கம் போய் முற்றிலும் நின்றது. வரிசையாக எட்டு மாங்காய் ஜன்னல்கள். முதல் ஜன்னலில் ராஜாம்பாளின் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் அப்பாவைத் தேடியது.

"தம்பி, என்ன இது?"

அப்பா கிட்டே வந்து தொட்டுப் பார்த்தார். "எலி கடிச்சிருக்கும்க்கா."

"எலி மாங்கா போடுமா?"

கூட்டத்தில் யாரோ, "அந்த சைக்கிளப் பாருங்க" என்றார்கள். பந்தல்காலில் சாய்த்திருந்த சைக்கிளை எல்லோரும் பார்த்தார்கள். சீட்டைச் சுற்றி அதே அரக்கு மாங்காய்கள் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. ஃபிரில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"கூடப்பொறந்தவளுக்கு ஓட்ட, சைக்கிளுக்குச் சீரா?" என்றார் ராஜாம்பாள்.

அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு அதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் என் பக்கம் திரும்பவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் வெட்டுனேன். அப்பாவுக்குத் தெரியாது" என்றேன்.

"எதுக்குடி வெட்டுன?"

"மயிலுக்கு."

ஒரு சாவு வீட்டில் இதைவிட மோசமான பதிலை யாரும் சொல்லியிருக்க முடியாது. "இந்தக் கோடியக் கட்டி எப்படிங்க அனுப்பறது?" என்று பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அப்பா டவுனுக்குப் போய் வேறு வாங்கி வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தார். எடுத்த வேகத்தில் சைக்கிள் சரிந்தது.

அழுதுகொண்டிருந்த மல்லிகா எழுந்து உள்ளே போனாள். மடிப்புக் கலையாத ஒரு புடவையோடு வந்தாள். "இதுவும் மாமா குடுத்ததுதான். பொங்கச் சீருக்கு வந்தது. அம்மா கட்டவே இல்ல."

கூட்டம் மூச்சு விட்டது. எனக்கு மூச்சு நின்றது. அந்த நீலம் எனக்குத் தெரியும். எங்கள் மயிலின் கழுத்தே அதுதான்.

ராஜாம்பாள் பிரித்தார். இந்த முறை ஒவ்வொரு மடிப்பாக, நிதானமாக, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து. ஓட்டை எதுவும் இல்லை. என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. அப்புறம் அவருடைய விரல் ஓரிடத்தில் நின்றது, தடவியது, அடுத்த இடத்துக்குப் போனது. எட்டு மாங்காய் ஓட்டைகளும் உள்முனையிலிருந்து எடுத்த அதே நீலத் துணியால் அடைக்கப்பட்டு, பொடிப் பொடித் தையலால் மூடியிருந்தன. (ஒரு வருடம் மிஷின் மிதித்தும் அப்படி ஒரு தையல் எனக்கு வந்ததில்லை.)

"இத எப்ப தெச்சா?" ராஜாம்பாளின் குரல் இறங்கியிருந்தது.

"பொங்கலுக்கு மறுநாளு" என்றாள் மல்லிகா. "மாட்டுக் கொட்டாயில ஒக்காந்து தெச்சுச்சு. நீங்க பாத்துட்டா மாமாவக் கொறச்சலாப் பேசுவீங்கன்னு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிச்சு. தெச்ச எடம் வெளிய தெரியாதுன்னு நெனச்சுத்தான் எடுத்தாந்தேன் அத்த."

பொங்கல் முடிந்து அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மயிலின் முன்னால் வெகு நேரம் நின்றார். "மயிலு நல்லாருக்குடி வசந்தா. கழுத்து மட்டும் எங்கயோ பாத்த மாதிரி இருக்கு" என்றார். துணி பாண்டிச்சேரியிலிருந்து வந்தது என்று நான் பெருமையாகச் சொன்னேன். "அப்படியா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் இவ்வளவு நகைச்சுவையாகப் பேசுகிறவள் என்று அதுவரை எனக்கே தெரியாது.

பந்தலில் ராஜாம்பாள் இன்னும் அந்தத் தையலையே தடவிக்கொண்டிருந்தார். "எம்மேல அவளுக்கு இவ்ளோ பயமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"ஊசி பட்ட பொடவ கோடிக்கு ஆவாதேம்மா" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"அவ ஊசிதானே பட்டுச்சு. இதையே கட்டுவோம்."

ராஜாம்பாளே கட்டிவிட்டார். ஒரு மாங்காய்கூட வெளியே தெரியாமல் எல்லாவற்றையும் கொசுவத்துக்குள் வைத்து மடித்துச் செருகினார். அப்பா வந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். நானும் அழுதேன். அத்தை போனதற்கு அழுதேன், நான் செய்ததற்கு அழுதேன், அவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமலே போய்விட்டதற்குத்தான் அதிகம் அழுதேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது ராஜாம்பாள் அந்த அரக்குப் புடவையைக் காகிதத்தில் சுற்றி என்னிடம் நீட்டினார். "இன்னும் எவ்ளோ எடம் கெடக்கு. எட்டோட ஏண்டி நிறுத்துன?" முகத்தில் சிரிப்பே இல்லை. முதலில் சிரித்தது மல்லிகா. அப்புறம் அப்பா. அக்கா போனபின் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டுச் சீரை ராஜாம்பாள் குறை சொன்னதே இல்லை. ஆனால் பிரித்துப் பார்க்காமல் எதையும் வாங்கியதும் இல்லை. என் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்த புடவையையும் அவர்தான் எழுந்துபோய் எடுத்தார். எல்லோருக்கும் நடுவில் விரித்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "நல்லாப் பாத்துக்குங்க, இப்ப முழுசா இருக்கு. பொண்ணு கைக்குப் போனப்பறம் எங்கள ஒண்ணும் கேக்கக் கூடாது" என்றார். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்கள்.

இன்று எங்கள் உறவில் எந்த விசேஷமானாலும் புடவையை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, வெளிச்சத்தில் காட்டிவிட்டுத்தான் தட்டில் வைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் அது காலம் காலமாக வரும் சடங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன தை மாதம், வந்து மூன்றே மாதமான என் மருமகள் பயபக்தியோடு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "இதுக்கு என்ன ஐதீகம் அத்தை?" என்று கேட்டாள். மறைத்துத் தைத்த கையைப் பற்றி அவளுக்குச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"ஒம் மாமியாருதாம்மா அந்த ஐதீகம்."