கிரானைட்டுக்குக் கீழே ஒரு மூடி

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று சொன்ன பெரியவர், கட்டிய வீட்டில் குடியிருக்கவில்லை என்பது என் சந்தேகம். இருந்திருந்தால் 'கட்டின வீட்டை வைத்துக்கொண்டு இருந்து பார்' என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார். அதைச் சொல்ல ஆளில்லாமல்தான் நான் கெட்டேன் என்று பல நாள் சாதித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் என் மனைவி கவிதா சொல்லத்தான் செய்தாள். நான்தான் கேட்கவில்லை.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு மெயின்டெனன்ஸ் வேலை. மெஷின் நிற்பதற்கு முன்பே அது நிற்கப் போகிறது என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை மெஷின்மேல் வைத்து மறு முனையைக் காதில் வைத்துக் கேட்டு, "இந்த பேரிங் இன்னும் பத்து நாள் தாங்கும்" என்று சொல்லிவிடுவேன். (மூன்றாம் நாளே போனதும் உண்டு. அதை விடுங்கள்.) ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஓர் அட்டை தொங்கும். கடைசியாக எப்போது கவனித்தது, அடுத்தது எப்போது, யார் கையெழுத்து என்று அதில் இருக்கும். அட்டை இல்லாத மெஷினைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது.

இப்பேர்ப்பட்டவன் ஊருக்கு வெளியே ஒரு லேஅவுட்டில் வீடு கட்டினேன். பாங்க் லோன் வாங்குவதற்கு முன்னால் எக்செல்லில் மாதச் செலவைப் போட்டேன். தவணை, பால், ஸ்கூல் பீஸ், பெட்ரோல் என்று ஒன்று விடாமல் எழுதினேன். கவிதா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"வீட்டு ரிப்பேருக்குன்னு ஒண்ணும் போடலீங்களா?"

"புது வீட்டுல என்ன ரிப்பேரு?"

"ஊத்தங்கரைல எங்கப்பா வீட்டுக்கு வருசா வருசம் ஏதாச்சும் வந்துட்டேதாங்க இருக்கும்."

"உங்கப்பா வீட்டுல மெயின்டெனன்ஸ் ஆளு இல்ல. இங்க நான் இருக்கேன்."

அவள் மனம் கோணக் கூடாதே என்று 'வீட்டுப் பராமரிப்பு' என்று ஒரு வரியைச் சேர்த்து, அதற்கு நேராகப் பூஜ்யம் போட்டேன். அந்தத் தாளை பிரிண்ட் எடுத்து அவளிடமே கொடுத்தேன். திமிர் என்று இதைத்தான் சொல்வார்கள்.

எங்கள் லேஅவுட்டில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். எங்களுடையது கார் நிறுத்தும் போர்ட்டிகோவுக்குக் கீழே. பர்கூரில் தெரிந்தவர் மூலமாகக் கறுப்பு கிரானைட் சல்லிசாகக் கிடைத்ததால் போர்ட்டிகோ முழுக்கப் போட முடிவு செய்தேன். நடுவில் டேங்க் மூடி மட்டும் சிமெண்ட் சதுரமாகத் துருத்திக்கொண்டு நின்றது.

மேஸ்திரி மாதப்பன் தலையைச் சொறிந்தார். "இத மட்டும் தெறக்கற மாதிரி உட்டுரலாங்க. நாலஞ்சு வருசத்துல லாரி வந்து எடுக்கணுமில்லீங்க."

"அசிங்கமா இருக்கு மாதப்பா. அதுக்கு மேலயும் சேர்த்துப் போட்டுரு."

போட்டுவிட்டார். முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு. கிரகப்பிரவேசத்துக்கு வந்த அத்தனை பேரையும் அதன்மேல் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டோம்.

ஆறு வருடம் ஓடியது. எங்கள் கம்பெனி இரண்டாவதாக ஒரு பிளான்ட் கட்டியது. அதன் மெயின்டெனன்ஸ் தலைமைப் பதவிக்கு என் பெயர் அடிபட்டது. முதல் நாளிலிருந்தே பராமரிப்புக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று பதினோரு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதி ஜி.எம்.மிடம் கொடுத்திருந்தேன். ஜி.எம். மாண்டியாக்காரர். புது மெஷினுக்கு எதற்குப் பணம் என்று அதைக் கிடப்பில் போட்டிருந்தார். நேரில் பேசிக் கவிழ்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். கவிதாவின் ராகிக் களியையும் நாட்டுக்கோழிக் குழம்பையும் பற்றி ஏற்கெனவே அளந்து வைத்திருந்ததால் உடனே ஒத்துக்கொண்டார்.

அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பாத்ரூமில் 'குளுக் குளுக்' என்று ஒரு சத்தம். கவிதா மூன்று முறை சொன்னாள். "பைப்புல காத்து அடைச்சிருக்கும்" என்றேன். பேரிங்குக்குக் கொடுத்த காதை வீட்டுக்குக் கொடுக்கவில்லை.

ஜி.எம். வந்தார். காரை நேராகப் போர்ட்டிகோவில் ஏற்றி நிறுத்தி, கிரானைட்டைப் பாராட்டினார். எனக்குப் பாதி பதவி கிடைத்த மாதிரி இருந்தது. உள்ளே உட்கார்ந்து களியை உருட்டி விழுங்கி, "ஊட்டா சென்னாகிதம்மா" என்று கன்னடத்தில் கவிதாவின் சாப்பாட்டைப் புகழ்ந்தார். அவர் மூன்றாவது உருண்டைக்குப் போகும்போது நான் ஆரம்பித்தேன்.

"புதுசுதானேன்னு விடக்கூடாது சார். புதுசா இருக்கறப்பவே பணம் ஒதுக்கிட்டா, மெஷின் நம்மள நடுவழியில நிறுத்தாது. சின்னச் சத்தம் வந்தாலே கவனிக்கணும் சார்."

கவிதா குழம்புக் கரண்டியோடு என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஜி.எம். கை கழுவிக்கொண்டு, "யோசிக்கலாம் முருகேசன்" என்று சொல்லி பாத்ரூம் பக்கம் போனார். நான் மனதுக்குள் புது அறையில் மேஜையை எந்தப் பக்கம் போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு பெரிதாக ஒரு 'குளுக்'. கதவு நாலு விரல் அளவு திறந்தது.

"முருகேசன், கொஞ்சம் வாங்க. அவசரம் இல்லை." ஒரு நொடி கழித்து, "இல்லை, அவசரம்தான்" என்றார்.

உள்ளே போனதெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆறு வருடத்துச் சேமிப்பு. ஜி.எம்.மின் பேண்ட் முழங்கால்வரை கதை முடிந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் படிப்பவர்களை உத்தேசித்து இதோடு நிறுத்துகிறேன்.

கொல்லைக் குழாயில் அவர் கால் கழுவியதும் என் நீலக் கட்டம் போட்ட லுங்கியைக் கொடுத்தேன். லாரிக்குப் போன் செய்தேன். லாரிக்காரர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மூடி எங்கீங்க?"

கறுப்புக் கண்ணாடி மாதிரி கிடந்த தரையை எல்லோரும் பார்த்தோம். கட்டியவன் நான். எனக்கே இடம் மறந்துவிட்டது. மாதப்பன் நாட்றாம்பாளையத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். போனில் மேளச் சத்தத்துக்கு நடுவே, "போர்ட்டிகோவுக்கு நட்ட நடுவுலதானுங்க" என்றார். நட்ட நடுவில் ஜி.எம்.மின் கார் நின்றது.

லுங்கியோடு அவர் காரை வெளியே எடுப்பதைத் தெருவே பார்த்தது. கடப்பாரை இறங்கியது. முதல் அடியில் கிரானைட் பிளந்தபோது எனக்கு நெஞ்சே பிளந்தது.

"யாருங்க இதும்மேல கல்லப் போட்டது?" என்றார் லாரிக்காரர். அப்போது எட்டாம் வகுப்புப் படித்த என் மகள் யாழினி என் பக்கம் விரலை நீட்டினாள்.

வேறு ஒருவராக இருந்தால் கிளம்பியிருப்பார். ஜி.எம். தெருவோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாழினியிடம் ஒரு தாளும் பேனாவும் கேட்டார். எங்கள் கம்பெனியில் எது பழுதானாலும் ஐந்து முறை 'ஏன்' கேட்டு மூலகாரணத்தைப் பிடிக்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

"ஏன் தண்ணி மேல வந்தது?"

"டேங்க் நிறைஞ்சிருச்சு சார்."

"ஏன் நிறைஞ்சது?"

"ஆறு வருஷமா எடுக்கல சார்."

"ஏன் எடுக்கல?"

"மூடி கல்லுக்கு அடியில போயிருச்சு சார்."

"ஏன் கல்லு போட்டீங்க?"

"தொறக்க வேண்டி வராதுன்னு நெனச்சேன் சார்."

"ஏன் அப்படி நெனச்சீங்க?"

ஐந்தாவது 'ஏன்'னுக்குப் பதில் வாசலில் நின்ற கவிதாவிடம் இருந்தது. "ரிப்பேருக்குப் பூஜ்யம்னு எழுதியே குடுத்திருக்காருங்க சார்." பீரோவில் பத்திரத்தோடு பத்திரமாக வைத்திருந்த அந்த எக்செல் தாளை எடுத்து வந்து நீட்டினாள். ஆறு வருடம் காத்திருந்திருக்கிறாள், மகராசி. ஜி.எம். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மூலகாரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார்.

அடுத்த வாரமே என் பதினோரு பக்கத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. ஆனால் தலைமைப் பதவி என் ஜூனியர் செல்விக்குப் போயிற்று. "பேப்பர் ரொம்ப சரி முருகேசன். பேப்பர்ல இருக்கறதைச் செய்யற ஆளும் வேணுமில்லையா?" என்றார். வலித்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வலித்தது. என் லுங்கியைத் துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பியிருந்தார், அதைப் பார்த்தாலே கொஞ்ச நாள் முகம் சுருங்கும்.

இப்போது எங்கள் பாத்ரூம் கதவில் ஓர் அட்டை தொங்குகிறது. சம்ப், மாடித் தொட்டி, போர் மோட்டார், மொட்டை மாடி விரிசல், செப்டிக் டேங்க். செய்தவர் முருகேசன், சரிபார்த்தவர் கவிதா. பூஜ்யம் இருந்த இடத்தில் மாதா மாதம் பெட்ரோலைவிடப் பெரிய தொகை நிற்கிறது. போர்ட்டிகோவின் நடுவே சிமெண்ட் மூடி அசிங்கமாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. நான் எதற்காவது "ஒண்ணும் ஆகாது" என்றால் போதும், "பூஜ்யம் போட்டுரலாங்களா?" என்று கவிதா கேட்பாள்.

யாழினி பர்கூரில் இன்ஜினியரிங் முடிக்கப்போகிறாள். போன மாதம் ஒரு கம்பெனி இன்டர்வியூவில், ஐந்து 'ஏன்'னுக்கு ஓர் உதாரணம் கேட்டிருக்கிறார்கள். கல்லில் ஆரம்பித்து லுங்கிவரை முழுக்கதையையும் சொல்லியிருக்கிறாள். கேள்வி கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே வேலையை உறுதி செய்துவிட்டார்களாம்.

ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றவளிடம் கேட்டேன். "அது எங்கப்பாதான்னு சொன்னியா?"

"எனக்கு வேலை வேணும்பா" என்றாள்.