ஓரக்கோட்டு ஞானி

ஓரக்கோட்டு ஞானி என்றொரு இனம் உண்டு. விளையாட்டரங்குகளின் முதல் வரிசையில் வசிக்கும். உட்காரும் பாகத்தில் நாலு அங்குலம் மட்டுமே நாற்காலியில் படும். மீதி உடம்பு முழுவதும் ஆடுகளத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். இந்த ஜீவன் கடைசியாக ஓடியது ஒரு பேருந்தைப் பிடிக்க. அதையும் தவறவிட்டது.

இறகுப்பந்து ஆடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். எதிரியின் தோள் திரும்புகிறது, மணிக்கட்டு மடிகிறது, மட்டை நரம்பில் பந்து படும் ஓசை கனமாகவோ லேசாகவோ காதில் விழுகிறது, உள்ளங்காலுக்கு அடியில் பலகை வழுக்குமா என்று பாதம் சோதிக்கிறது. இத்தனையையும் உடம்பு ஒரு நொடிக்குள் வாங்கி, வேண்டாததைத் தள்ளி, காலுக்கு உத்தரவும் போட்டுவிடுகிறது. ஞானிக்கு இது பிடிப்பதில்லை. தன்னைக் கேட்காமல் ஒரு காரியம் நடப்பதாவது!

எனக்குத் தெரிந்த ஞானி மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஆகவே உலகத்திலுள்ள கண்கள் அனைத்தும் தம் பொறுப்பு என்று அவருக்கு எண்ணம். மகள் பல் துலக்கும்போது பின்னாலிருந்து சுருட்டிய காலுறையை எறிந்து, "ஓரப் பார்வை! ஓரப் பார்வை!" என்று கத்துவார். காலுறை அவள் பிடரியில் படும். "பாத்தியா, கண்ணு தூங்குது" என்பார். பிடரியில் யாருக்கையா கண் இருக்கிறது?

அந்த மகளுக்கு ஓர் இறுதி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் இளையோர் அணியில் மிச்சமிருந்த ஒரே இடம் அவளுக்கு. தோற்றால் அவ்வளவுதான், அடுத்த ஆண்டு வயது தாண்டிவிடும்.

முதல் சுற்று தொடங்கியதுமே ஞானி தொடங்கினார். "தோளப் பாரு! மணிக்கட்டப் பாரு! பந்தப் பாரு!" பாவம், அவளுக்கு இருப்பதோ இரண்டே கண். "இடது பக்கம் போடு!" என்றார். போட்டாள். எதிராளிப் பெண் அங்கே முன்கூட்டியே போய் நின்றிருந்தாள். "பின்னாடி தூக்கு!" தூக்கினாள். எதிராளி அங்கேயும் ஆஜர். நடுவர் இரண்டு முறை முறைத்தார். யாரை முறைக்கிறார் என்று ஞானி இரண்டு முறையும் பின்னால் திரும்பிப் பார்த்தார். முதல் சுற்று போயே போய்விட்டது.

இடைவேளையில் மகள் தண்ணீர் குடிக்க வந்தாள்.

"எப்படிப்பா அவ எல்லாத்துக்கும் முன்னாடியே போய் நிக்கிறா?"

"அதுதாம்மா ஓரப் பார்வை. உன் தோள் அசையறதுக்குள்ள அவ கண்ணு பிடிச்சிடுது. நானும் தலபாடா அடிச்சுக்கறேன், நீ கேட்டாத்தானே!"

பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஞானியின் மனைவி தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அவளுக்குக் காதும் இருக்கே."

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க சொல்லிட்டே இருங்க. இன்னும் கொஞ்சம் சத்தமா."

அப்பாவுக்கு மேனி சிலிர்த்தது. ஆட்டம் மறுபடி தொடங்கியதும் "இடது!" என்று அரங்கம் அதிர முழங்கினார். எதிராளி இடப்பக்கம் பாய்ந்தாள். பந்து வலப்பக்கம் விழுந்தது. "வலைக்குப் பக்கத்துல!" என்றார், பின்கோட்டில் விழுந்தது. "சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணு!" என்று அவர் நெற்றியில் அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள, மகளின் புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. இரண்டாம் சுற்று அவளுக்கு.

மூன்றாம் சுற்றில் எதிராளிக்கும் சூட்சுமம் விளங்கிவிட்டது. அவர் சொல்வதற்கு நேர்மாறாக ஓட ஆரம்பித்தாள். உடனே மகள் நடுநடுவே அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளையானாள். தன் கண்ணை நம்புவதா, அந்த மனிதரின் வாயை நம்புவதா என்று தெரியாமல் எதிராளி நட்டநடுவே திகைத்து நிற்க, கடைசிப் பந்து "இடது!" என்ற முழக்கத்தோடு இடப்பக்கமே இறங்கியது. அணியில் இடம் கிடைத்துவிட்டது.

ஞானி அடுத்த நாற்காலியில் இருந்த என் தோளைப் பிடித்து உலுக்கினார். கண்ணில் நீர். "பாத்தீங்களா சார்? ஆட்டம் பூரா என் பேச்ச மீறினா, அதான் இழுபறி. கடைசியில ஒரே ஒரு தடவ கேட்டா. ஜெயிச்சாளா இல்லையா?"

நான் வாழ்த்துச் சொன்னேன். வேறென்ன சொல்வது?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் கார் ஓட்ட, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இல்லாத பிரேக்கை எத்தனை முறை மிதித்தீர்கள்? வண்டி நின்றதும், அது உங்களால்தான் நின்றது என்று உள்ளூர ஒரு திருப்தி வந்ததே, அதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.