வெள்ளவத்தைச் சுவருக்கு வாங்கிய டிவி

அம்பிட்டிய,
கண்டி.
12.03.2007

என்றும் மதிப்புக்குரிய பெரியண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

பாமா எழுதிக்கொள்வது. நல்லூரான் துணையால் கொழும்பில், வெள்ளவத்தையில் நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி முதல் வரியிலேயே எழுத இந்த முறை கை வரவில்லை. இன்று காலை எழும்பியதும், முகம்கூடக் கழுவாமல் நான் செய்த முதல் வேலை, முன்னறையில் வூஃபரைச் சுற்றிக் கட்டியிருந்த மெத்தையை அவிழ்த்ததுதான். வூஃபர் என்பது ஹோம் தியேட்டரில் இடிமுழக்கத்துக்கு என்றே தனியாக வரும் பெரிய கறுப்புப் பெட்டி. உங்களுக்கு அதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, வாங்க வைத்தவரே நீங்கள்தான். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் நீங்கள் சொல்வீர்கள், நான் "ஓம் அண்ணா" என்பேன். கடிதத்தில் மட்டும்தான் இந்த நாற்பத்துநாலு வயதில் எனக்கும் பேச ஒரு முறை வாய்க்கிறது.

எங்கள் பழைய டிவி போன மாதக் கடைசியில் புகை விட்டுச் செத்ததும், இவர் உங்களிடம்தான் ஆலோசனை கேட்டார். நீங்கள் டிவியை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிச் சொன்னீர்கள். "உங்கை கிடந்து என்னத்துக்குப் பயந்து சாகிறியள்? எங்களுக்குக் கீழ் வீடு வாற மாத முடிவிலை காலியாகுது. நாலு பக்கமும் எங்கடை சனம். டிவியை எவ்வளவு சத்தமாயும் போடலாம்." அந்தக் கடைசி வசனம் இவரை என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியாது. எண்பத்துமூன்று ஆடியில் கண்டியில் தமிழரின் கடைகள் எரிந்தபோது ரேடியோவைக் குறைத்த கை அது, அண்ணா. பிறகு ஒருநாளும் கூட்டவில்லை. என் கையும் அப்படித்தான். கலியாணம் முடித்து இந்த இரட்டை வீட்டின் ஒரு பாதிக்கு வந்த பிறகு, செய்தியை நாங்கள் கேட்டதே இல்லை, வாசிப்பவரின் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொண்டோம். அப்படிப்பட்ட மனிதர் அன்றைக்கே உங்களைத் திரும்ப அழைத்து, கீழ்வீட்டுச் சுவரின் நீளம் எவ்வளவு என்று கேட்டார். இருபது வருடம் நில அளவைத் திணைக்களத்தில் மற்றவர்களின் காணியை அளந்தவர் அல்லவா, அந்தச் சுவரை ஒரு தாளில் கீறி, அதற்குப் பொருத்தமாக ஒரு டிவியையும் கீறி, அந்தத் தாளோடு என்னையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு இறங்கினார்.

கடையைப் புருஷனோடு சேர்ந்து நடத்துபவ மடவளைப் பக்கத்து பஸீஹா. என் வயதுதான் இருக்கும், வாய் மட்டும் இரண்டு பேருடையது. "வாங்க சேர், இரிங்க மிஸ், சத்தமெண்டா எப்பிடி இரிக்கணுமெண்டு இப்ப பாருங்களே" என்று ஒரு சண்டைப் படத்தைப் போட்டா. ஹெலிகொப்டர் ஒன்று என் வலது காதுக்குள் நுழைந்து இடது காதால் வெளியே போனது. வூஃபர் ஒருமுறை இடித்தது, நான் வாசலைப் பார்த்தேன், இவர் மேசைக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதைக் கொஞ்சம் குறைச்சுக் காட்டுங்கோ" என்றார். குறைத்தா. "இன்னும்." குறைத்தா. "இன்னும் கொஞ்சம்." கடையிலிருந்த எல்லா மெஷின்களையும் நாங்கள் இப்படித்தான் பரீட்சித்தோம். பெட்டிக்குப் பெட்டி காதை ஒட்டிவைத்து, எது ஆகக் குறைந்த சத்தத்திலும் சொல் பிசகாமல் பேசுகிறது என்று ஆராய்ந்தோம். கடைசியில் பஸீஹா ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டா. "அல்லாவே, ஊரெல்லாம் கூட்டிப் பாத்து வாங்குது, நீங்க குறைச்சுப் பாத்து வாங்குறீங்க! இது தியேட்டர் சேர், லைப்ரரி இல்ல." இவர் சிரிக்கவில்லை. அக்கம்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இப்போதைக்குத்தான்" என்று இரகசியமாகச் சொன்னார்.

முச்சக்கர வண்டியில் பெரிய பெட்டிகளும் சின்னப் பெட்டிகளும் வயர்ச் சுருள்களுமாக வந்த எங்களை, வழியில் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். இத்தனை வயர், இரண்டு ரிமோட், இரண்டு தமிழ் அடையாள அட்டை! இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு சாமான் வாங்குவார்களா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் திணைக்களத்தில் பழகிய தன் கந்தோர்ச் சிங்களத்தில், இந்தப் பெட்டியை முன்னால் வைக்க வேண்டும், இந்த இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைக்க வேண்டும், அப்போதுதான் வெடிச் சத்தம் நிசமாகவே பின்னாலிருந்து வருவதுபோல இருக்கும் என்று வகுப்பு எடுத்தார். வெடி என்ற சொல்லை அந்த இடத்தில் சொன்ன ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். சிப்பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முதுகுக்குப் பின்னால் வெடிச் சத்தம் கேட்பதற்கு, காசு கொடுத்தா வாங்கினீர்கள்?" என்று கேட்டான். நான்கு வருடம் வன்னிப் பக்கம் போர்முனையில் இருந்தானாம். பெட்டிகளைத் தானே தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டான்.

வீட்டில் வைத்துப் பார்த்தால், உங்கள் கீழ்வீட்டுச் சுவருக்கு அளந்த டிவிக்கு எங்கள் முன்னறை போதாது. யன்னலில் பாதியை அது மறைத்துவிட்டது, செய்தி வாசிப்பவரின் மூக்கு என் முழங்காலில் முட்டுகிறது. சத்தத்தை மூன்றில் வைத்தோம். மூன்றிலும் வூஃபர் நிலத்தோடு ஏதோ உறுமுவதாக இவருக்குப் பட்டதால், அதற்கு மெத்தை கட்டினோம். பிறகு அறையின் நடுவே கதிரை போட்டுக் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். சுற்றிவர எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் கோள் சொல்வதுபோல இருந்தது. "இன்னும் கொஞ்ச நாள்தானே பாமா" என்றார் இவர்.

நேற்று மாலைதான் அந்த அநியாயம் நடந்தது. தொடர்நாடகத்தில் கலியாணக் கட்டம், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், கரண்ட் போய்விட்டது. மெழுகுதிரி தேடி எடுப்பதற்குள் திரும்பி வந்தது. கரண்ட் போய் வந்தால் அந்த மெஷின் நாங்கள் பழக்கிய மூன்றை மறந்துவிட்டு, கடையில் பஸீஹா வைத்த இடத்துக்கே போய்விடும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கெட்டிமேளம்! அம்பிட்டிய முழுவதும் கெட்டிமேளம்! அலுமாரிக்குள் பீங்கான்கள் ஆடின, மெத்தை நடுங்கியது, ஐயோ அண்ணா, நான் ரிமோட் என்று நினைத்துக் கண்ணாடிக் கூட்டை அமத்துகிறேன், இவர் "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கெட்டிமேளத்துக்கு மேலாலே தமிழில் கத்துகிறார், இருபது வருடத்தில் இந்த வீட்டிலிருந்து போன ஆகப் பெரிய தமிழ் அதுதான். பிளக்கைப் பிடுங்கினார். ஊரே அமைதியானது. பிறகு நாய்கள். பிறகு கதவில் தட்டு.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவர் முகத்தில் எண்பத்துமூன்றைக் கண்டேன். திறந்தால், பக்கத்துப் பாதி வீட்டுச் சோமலதா அக்கா, கையில் டோர்ச்சோடு நிற்கிறா. டிக்கோயாப் பக்கம் தமிழ்த் தோட்டச் சனங்களின் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவ என்பதால் அவவின் தமிழ் முழுவதும் ஆஸ்பத்திரித் தமிழ். கூப்பிடுவது மட்டும் சிங்களத்தில்: நான் நங்கி, அதாவது தங்கச்சி, இவர் மஹத்தயா, அதாவது ஐயா. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு இருக்கா?" என்று கேட்டா.

இவர் "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டார். "என்ன சொறி? ஏன் நிப்பாட்டின? கல்யாணம் முடிஞ்சதா?" என்று அவ ஏசினா. கண் மங்கியதிலிருந்து அவவுக்கு டிவி பார்க்க முடிவதில்லையாம். பின்னேரங்களில் சுவரோடு கதிரையைப் போட்டு எங்கள் நாடகத்தைத்தான் கேட்கிறாவாம். "ரெண்டு கிழமை சத்தம் இல்ல நங்கி. நாடகம் இல்ல. நீ மஹத்தயாவுக்கு ஏசுறது கூட இல்ல. மொத நாள் மட்டும் வெள்ளவத்த, வெள்ளவத்த எண்டு சண்டை. நான் நெனச்சேன், சொல்லாம போயிட்டீங்க எண்டு." அவ போய்விட்டா. உருகிப்போனேன் என்று நினைக்காதீர்கள், எனக்கு வந்தது கோபம். இத்தனை வருடம் நான் காத்த மௌனம் எல்லாம் அந்தச் சுவருக்கு அப்பால் ஒலிபரப்பாகியிருக்கிறது!

இன்று காலை எதிர்வீட்டுக்காரர் படலையடியில் இவரிடம், "நேற்று வீட்டில் கலியாணமா?" என்று கேட்டுச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு என்ன சாதிச் சிரிப்பு என்று இவர் தேநீர் ஆறும்வரை ஆராய்ந்துவிட்டு, இனி ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டார். ஆகவே அண்ணா, கீழ்வீட்டுக்காரரிடம் நாங்கள் மாத முடிவில் வருவதாக உறுதியாகச் சொல்லிவிடுங்கோ. மச்சாளின் முழங்கால் வலி தணியவும், உங்கள் பிரஷர் உங்கள் சொல்லைப் போலவே ஏறாமல் நிற்கவும் கந்தனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் சொல் தட்டாத தங்கை,
சத்தியபாமா வரதராசா

பி.கு.: இதுவரை உள்ளதை இவர் வாசித்து, "நல்லாயிருக்கு, உப்பிடியே போடு" என்று சொல்லிவிட்டு, பெட்டி கட்டக் கயிறு வாங்க டவுனுக்குப் போய்விட்டார். மெத்தையை நான் அவிழ்த்ததும் பெட்டி கட்டத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் உங்கள் அடுக்குமாடியில் விடியப்புறம் ஆமிக்காரர் வந்து எல்லாரையும் கீழே இறக்கி, அடையாள அட்டையோடு வரிசையில் நிறுத்தினதை மச்சாள் எனக்குச் சொன்னா. நீங்கள் சொல்லவில்லை. நாலு பக்கமும் எங்கடை சனம் என்பது வரிசையில் நிற்கவும் சேர்த்துத்தானா அண்ணா? நான் அங்கே வரவில்லை. கீழ்வீட்டுக்காரரை வேறு ஆள் பார்க்கச் சொல்லுங்கோ. காலையில் மெத்தையை அவிழ்த்தபோதே முடிவெடுத்துவிட்டேன். இவருக்கு இன்னும் சொல்லவில்லை. சோமலதா அக்காவுக்கும் சொல்லவில்லை. இன்று பின்னேரம் இவருக்குச் சொல்லும்போது, அவவுக்குச் சுவரால் கேட்கும்.