மிக்ஸியக்காவின் மக்ரோனி

பொய்யே சொல்லத் தெரியாத ஒரு மனுஷியைக் கோவில்பட்டியில் காட்டச் சொன்னால், எங்கள் தெருவே மிக்ஸியக்காவைத்தான் காட்டும். அடுப்படிக்குள் நுழைந்துவிட்டால் மட்டும், அவரைப் போலப் புளுகத் தென்மாவட்டங்களிலேயே ஆள் கிடையாது.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். டெலிபோன் ஆபீஸ் வேலைக்காக வந்த நான் அவர் வீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்தேன். காலை ஒன்பதரைக்கு அவர் கணவர் அண்ணாச்சி மாட்டுத்தீவனக் கடையைத் திறக்கக் கிளம்புவார். மறுநிமிஷம் கீழே மிக்ஸி அலற ஆரம்பிக்கும். பன்னிரண்டு வரை ஓயாது. அக்காவின் நிஜப் பெயர் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை.

அண்ணாச்சி, எப்போதும்வென்றான் கிராமத்துப் பக்கம் ஆட்டுக்கிடை போட்ட குடும்பம். காய்கறியும் அவர் கணக்கில் தீவனம்தான். கீரை வைத்த அன்று தட்டைத் தள்ளிவிட்டு நிதானமாகச் சொல்வார்:

"ஏட்டி, ஆடு தழையத் திங்குது. நான் ஆட்டைத் திங்குதேன். பொறவு எனக்கு எதுக்குத் தனியா தழை?"

ஆனால் இதே நாக்கோடு வாழ்ந்த அவருடைய அண்ணன், ஐம்பதைத் தொடாமலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தார். அண்ணாச்சிக்கும் பிரஷர் ஏறியிருந்தது. காய்கறி நிறையச் சேர்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அக்காவுக்கு அதே கவலை.

வழி பெங்களூரிலிருந்து வந்தது. அங்கே ஒரு கல்யாண விருந்தில் சிவப்புச் சாஸில் புரட்டிய மக்ரோனியைத் தின்ற அண்ணாச்சி, ஊர் திரும்பியதும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆடில்லாத ஒன்றைக் கேட்டார். அந்தக் குழாய் நம் வீட்டில் செய்ய வராதா?

வந்தது. வாரத்தில் மூன்று நாள் வந்தது. தக்காளி, பூண்டு, வத்தல் பொடி என்று அக்கா வெளியே சொல்வார். உள்ளே காரட், பூசணி, சுரைக்காய், பீர்க்கங்காய். எல்லாம் அவித்து, கண்ணுக்கும் பல்லுக்கும் அகப்படாதபடி அரைத்தது. ஒருநாள் முருங்கைக்கீரையைச் சேர்க்கப்போய்ச் சாஸ் கரிசல் மண் நிறத்துக்கு வந்துவிட்டது. அடிப்பிடித்துவிட்டது என்று சொல்லி, தன் கைப்பக்குவத்தின் மானத்தைக் கொடுத்துக் கீரையைக் காப்பாற்றினார் அக்கா. மாடிக்கும் ஒரு கிண்ணம் வரும். பரோட்டாவில் உயிர்வாழ்ந்துகொண்டிருந்த நான் விரல் வரைக்கும் நக்கினேன்.

அப்புறம் மழையில் தக்காளி வராத ஒரு வாரம். சிவப்பு வேண்டுமே என்று அக்கா அத்தனையும் பீட்ரூட்டாகப் போட்டுவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் அண்ணாச்சி மாடியேறி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"தம்பி, ஒண்ணுக்குப் போனா ரத்தமாப் போகுது. அவகிட்டச் சொல்லிராத."

பத்து நிமிஷத்துக்கு முன்னால் நானும் அதையே பார்த்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி டாக்டர் வீட்டுக்கு நடந்தோம். தனக்கு ஏதாவது ஆனால் கடையை மச்சினன் கையில் ஒப்படைக்கும்படி வழியில் என்னிடம் சொல்லி வைத்தார் அண்ணாச்சி. இந்நேரத்தில் இரண்டு பேரும் எங்கே போகிறார்கள் என்று சந்தேகப்பட்ட அக்கா பின்னாலேயே வந்துவிட்டார்.

டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பீட்ரூட் சாப்பிட்டீர்களா?

"எங்க பரம்பரையிலயே கெடையாது சார்" என்றார் அண்ணாச்சி.

வாசலில் நின்ற அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். "நாந்தான் போட்டேன். பத்து மாசமா எல்லாத்தையும் அரைச்சுப் போடுதேன்."

அண்ணாச்சி அவர் பக்கம் திரும்பினார். "கத்திரிக்காயுமா?"

"கத்திரிக்காயும். உங்க அண்ணன் மாதிரி நீங்களும் போயிட்டா நான் யாருக்குச் சமைப்பேன்?"

டாக்டர் அண்ணாச்சிக்குப் பிரஷர் பார்த்தார். இறங்கியிருந்தது.

இருந்தும் அண்ணாச்சி மூன்று நாள் வீட்டில் கை நனைக்கவில்லை. அக்கா மிக்ஸியைத் தொடவில்லை. தெரு அநியாயத்துக்கு அமைதியாகக் கிடந்தது. நான்காம் நாள் கடையிலிருந்து வந்தவர், ஒரு மஞ்சள் பையை அடுப்படி வாசலில் வைத்தார். பூசணிக்கீற்றும் காரட்டும் எட்டிப் பார்த்தன.

"நல்லா அரை. என்ன போட்டேன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாத."

எனக்கு மதுரைக்கு மாற்றலானபோது, அக்கா ஸ்டேஷனுக்கே வந்து ஜன்னல் வழியாக ஒரு தூக்குச்சட்டி மக்ரோனியை நீட்டினார். சாத்தூர் வருவதற்குள் அதை வழித்துத் தின்றுவிட்டேன். கண் ஏன் கலங்கியிருக்கிறது என்று எதிரே இருந்தவர் கேட்டார். காரம் என்றேன். அக்கா எனக்கென்று எடுத்து வைப்பதில் ஒருநாளும் காரம் இருந்ததில்லை.