முனியம்மா அத்தையின் கணவர் யார்?

அஸ்தினாபுரம்
19.8.2007

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஸ்ரீநிவாசன் அவர்களுக்கு மாமனார் தயாளன் எழுதிக்கொண்டது. நீங்களும் தீபாவும் சௌக்கியமாக இருக்க முருகன் துணை. இங்கே எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர. அதற்குக் காரணம் நீங்கள்தான் என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நாவலூர் ஆபீஸில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரில் எங்கள் வம்சத்துக்கு மரம் வரைந்தீர்கள், சரி. அதில் என் அப்பாவின் அக்கா முனியம்மாவுக்கு ஒரு கட்டம் போட்டு, 'கல்யாணம் ஆகாதவர், தோல் ஷாப்பில் வேலை' என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறியும் போட்டு, "மாமா, நீங்க ரிட்டயர்டுதானே, கொஞ்சம் விசாரிங்களேன்" என்றீர்கள். நான் பிறக்கும் முன்பே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போனவர் அவர். நான் பார்த்ததுகூட இல்லை. தோல் பதனிடும் ஷாப்பென்றால் அனகாபுத்தூர்தான் என்று நானே முடிவு செய்து பஸ் ஏறினேன். அங்கே ஓர் அலுவலகத்தில் இன்று வா, நாளை வா என்று அலையவிட்டு, கடைசியில் குமாஸ்தா பழைய இறப்புப் பதிவை எடுத்தார். முனியம்மா, தோல் தொழிலாளி, கணவர் பெயர் ஜெயவேலு! "அவங்களுக்குக் கல்யாணமே ஆகலை சார்" என்றேன். "ஆவாம எப்டி சார் புருஷன் பேரு கீது?" என்று என்னையே கேட்கிறார்.

அந்த ஜெயவேலு உயிரோடுதான் இருக்கிறார், சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்கே போய், "உங்க மொதல் சம்சாரம் முனியம்மா விஷயமா வந்தேன்" என்றேன். உள்ளேயிருந்து அவருடைய ஒரே சம்சாரம் வந்துவிட்டார் மாப்பிள்ளை! கையில் துடைப்பம். யாரை முதலில் அடிப்பது என்று அந்தம்மா யோசித்த நேரத்தில் ஜெயவேலு கத்தினார்: "ஐயோ, அது எங்க வூட்ல குடியிருந்த பொம்பள சார்! செத்தப்ப சொந்தம்னு யாருமே வரல, நான்தான் ஆபீசுக்குப் போய் எழுதி வெச்சேன். அந்த ஆளு என் பேரை எந்தக் கட்டத்துல எழுதினானோ, எனக்கு இன்னா தெரியும்?" அதற்குள் நான் ஓடத் தொடங்கியிருந்தேன், சாக்கடைப் பலகை புரண்டது. முழங்கால் கதை அவ்வளவுதான்.

விழுந்தவனைத் தூக்கிவிட்டவர் எதிர்வீட்டு குல்ஷன் அக்கா. முனியம்மாவோடு ஒரே ஷாப்பில் வேலை பார்த்தவராம். "பொண்ணு பாக்க வர்றவன எல்லாம், மொதல்ல ஷாப்புக்கு வா, சுண்ணாம்புத் தொட்டியாண்ட அந்த நாத்தத்துல என்கூட கொஞ்ச நேரம் நில்லு, அப்பால பேசலாம்னுவா. ஒருத்தனும் நிக்கல. சிரிச்சுகினே வேலைய பாக்கப் போய்டுவா" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நமக்குன்னு யாராச்சும் வருவாங்கன்னு வாசலயே பாத்துகினு செத்தாப்பா. இப்ப நீ வந்துட்டே" என்று அழுதார். நானும் அழுதேன். முழங்கால் வலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கேள்விக்குறியை எடுத்துவிட்டு, 'கணவர் இல்லை, வந்தவர் யாரும் நிற்கவில்லை' என்று போடவும். உங்கள் பக்கத்து மரத்துக்கு உங்கள் அப்பாவை அனுப்பவும்.

சகல சம்பத்தும் பெற்று, இனி செத்துப்போனவர் யாரையும் தேடாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
தயாளன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் ஆரணியிலிருந்து என் அக்கா போன் செய்தாள். "நம்ம அத்தை எப்படா அனகாபுத்தூர்ல இருந்தாங்க? கடைசி வரைக்கும் பல்லாவரம்தான். சாவுக்கு நானே போனேனே!" என்கிறாள். புருஷனைப் பற்றி நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள். முதலிலேயே அக்காவைக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் எழுத வேண்டாம். தீபாவின் அம்மா கேட்டாகிவிட்டது. நம் அத்தைக்குக் கேள்விக்குறியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். ஆனால் இந்த அனகாபுத்தூர் முனியம்மாவை அழிக்காதீர்கள், பக்கத்திலேயே ஒரு கட்டம் கொடுங்கள். முனியம்மாவின் சொந்தக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று குல்ஷன் அக்கா தெரு முழுக்கச் சொல்லி, ரம்ஜானுக்கு எங்களை வரச் சொல்லியிருக்கிறார். நாங்கள் போகிறோம்.