திங்கட்கிழமைப் படகு

அந்தத் திங்கட்கிழமையும் றெஜினோல்ட்டைத்தான் செஃப் படகுக்குக் கூப்பிட்டார். அறை ஜன்னலில் நின்று அதைப் பார்த்த தவராஜாவுக்கு வயிறு எரிந்தது.

தவராஜாவும் றெஜினோல்ட்டும் சுவிட்சர்லாந்தின் பீல் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவுகிறவர்கள். எண்பத்தைந்தாம் ஆண்டு, ஒரே மாதத்தில் அகதியாக வந்தவர்கள். ஒரே அறை, ஒரே சம்பளம். ஆனால் ஹோட்டல் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் தலைமைச் சமையற்காரரான செஃப் தூண்டில் போடப் போனால், துடுப்பு வலிக்க மட்டும் றெஜினோல்ட்!

அடுப்படியில் உதவிக் குக் வேலை ஒன்று காலியாக இருந்தது. திங்கட்கிழமையும் வந்து மறுநாளுக்கான சூப்பைக் கொதிக்கவைக்க வேண்டிய வேலை. வந்தால்தான் என்ன, அடுப்பருகில் சூடாக நிற்கலாம். தவராஜாவின் விரல்களோ தண்ணீரில் ஊறி வெடித்திருந்தன. போதாக்குறைக்குத் தான் குக் ஆகிவிட்டதாக மனைவிக்கு ஏற்கெனவே கடிதமும் எழுதிவிட்டார். செஃபோடு படகில் போகிறவனுக்குத்தான் அந்த வேலை கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

பின்னேரம் றெஜினோல்ட் மூக்குச் சிவந்து திரும்பினான்.

"என்ன தம்பி, செஃப் நல்லாக் கதைச்சாரோ?"

"ஓம் அண்ணை."

"அடுப்படியைப் பற்றியோ?"

"இல்லை, மீனைப் பற்றி."

மறைக்கிறான், கள்ளன்! தவராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையே செஃபின் முன்னால் போய் நின்று, தனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் செலவழித்தார்.

"இஹ் ஃபிஷர். பாப்பா ஃபிஷர். ஓப்பா ஃபிஷர்!"

தானும் தகப்பனும் பாட்டனும் பரம்பரை மீன்பிடிகாரர் என்று அர்த்தம். உண்மையில் மூவரும் உரும்பிராயில் புகையிலை நட்டவர்கள். கிணற்றைவிட ஆழமான எதையும் அவர்கள் அறியார்கள்.

செஃப் வாயெல்லாம் பல்லாகக் கைகுலுக்கினார். அடுத்த திங்கள் தவராஜா படகில் இருந்தார்.

நவம்பர்ப் பனிப்புகாரில் கரையே தெரியவில்லை. செஃப் தடித்த கையுறைகளை நீட்டினார். பரம்பரை மீன்பிடிகாரன் கையுறை போடுவானா? தவராஜா கம்பீரமாக மறுத்தார். பத்தாவது நிமிடம் விரல்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

துடுப்பை வலித்தால் படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. செஃப் திரும்பிப் பார்த்தார். தவராஜா அவசரமாகத் தண்ணீரைக் காட்டி, "ஃபிஷ்! ஃபிஷ்!" என்றார். செஃப் பயபக்தியோடு அங்கேயே தூண்டிலை இறக்கினார். ஆகவே இன்னும் அரைமணி நேரம் சுற்றவேண்டியதாயிற்று.

சுற்றிய சுற்றில் தலையும் சுற்றி, காலையில் தின்ற பாணும் சீஸும் ஏரிக்குள் போயின. மானம் போகக்கூடாதே!

"ஃபிஷ் எஸ்ஸன்!" என்று வாயைத் துடைத்தார். மீனுக்குத் தீனியாம். செஃப் அசந்துபோனார்.

அந்த நேரம் பார்த்துத் துடுப்பு கைநழுவியது. எட்டிப் பிடிக்கப் போனவர் இடுப்புவரை ஏரிக்குள் தொங்கினார். செஃப் காற்சட்டையைப் பிடித்து இழுக்க, தவராஜா அகப்பட்ட தூண்டில் நூலைப் பிடித்துக்கொண்டு ஏற, நூலோடு கைநீளத்தில் ஒரு மீனும் ஏறி வந்தது. செஃப் படகில் எழும்பி நின்று கூத்தாடினார்.

கரையில் றெஜினோல்ட் போர்வையோடு காத்து நின்றான். தவராஜாவின் நனைந்த முதுகில் தட்டித் தட்டிச் செஃப் மடமடவென்று ஜெர்மனில் ஏதோ சொன்னார். கேட்கக் கேட்க, அவரோடு கதைத்து ஜெர்மன் பிடித்திருந்த றெஜினோல்ட்டின் கண் கலங்கியது. அதைக் காணத் தவராஜாவுக்குப் பல் கிடுகிடுத்தாலும் மனம் நிறைந்துவிட்டது.

"அழாதை தம்பி, உனக்கும் ஒரு காலம் வரும். செஃப் சொன்னதைச் சொல்லு."

றெஜினோல்ட் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"படகு வலிக்க வேற ஆள் கிடைக்கேல்லை எண்டுதானாம் அண்ணை, இவ்வளவு நாளும் என்னை அடுப்படிக்கு எடுக்காமல் வைச்சிருந்தவர். இனிப் படகுக்கு நீங்களாம், நாளையிலயிருந்து நான் குக்காம்!"