விசாரணைக் கமிஷன் டெக் வாங்கிய கதை

கடைக்குப் போய் ஒரு பொருளை வாங்கி வருகிறவர்கள் ஒரு வகை. கடைக்குப் போய் அந்தப் பொருளைப் பற்றித் தெரிந்துகொண்டு, கையை வீசிக்கொண்டு திரும்புகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். கடை முதலாளி அலமாரிக்குப் பின்னால் பதுங்கி, நான் இல்லையென்று சொல் என்று கையைக் காட்டினால், வாசலில் இவர் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

நம்மவர் தண்ணீர் வரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அங்கே அவருக்கு 'விசாரணைக் கமிஷன்' என்று பெயர். எல்லோரையும் விசாரிப்பார்; முடிவு மட்டும் வராது. எந்தக் குடை வாங்குவது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். அவசரப்படாததால் தப்பித்தோம் என்பார்.

இவரிடம் போய் மனைவி ஒரு வேலையை ஒப்படைத்தாள். வீட்டில் அவர்களுடைய கல்யாண கேசட் ஒன்று இருந்தது. அதைப் போட்டுப் பார்க்கும் டெக் என்றைக்கோ மண்டையைப் போட்டுவிட்டது. கேமராவைக் கண்டாலே நழுவிவிடும் அவளுடைய அப்பா, அந்த கேசட்டில் ஒரே ஓர் இடத்தில் வசமாக மாட்டிக்கொண்டு, "என்னை எதுக்குப்பா எடுக்கிறே, என் பொண்ணை எடு" என்று சிரிப்பார். போன வருஷம் அவர் இறந்துபோனார். அவர் குரல் வேறெதிலும் பதிவாகவில்லை. கேசட்டையும் போட்டு, அதை டிவிடியிலும் பதிவுசெய்து தரும் ஒரே பெட்டி வந்திருக்கிறதாமே என்று அவள் கேட்டாள்.

"அப்பா குரலைக் கேக்கணும்போல இருக்குங்க. ஏதாவது ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன்."

ஏதாவது ஒன்றா? கமிஷனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அன்றே விசாரணை தொடங்கியது. டேப்பைப் படிக்கிற ஹெட் எத்தனை வேண்டும், பிளஸ் டிவிடி உசத்தியா மைனஸ் டிவிடி உசத்தியா, கேசட்டிலிருந்து டிவிடிக்குப் போவதைப்போல டிவிடியிலிருந்து கேசட்டுக்கும் திரும்பி வரலாமா (எதற்கு என்று கேட்காதீர்கள்) என்று சக ஊழியர்களைக் கேட்டார், மைத்துனரைக் கேட்டார், பல் டாக்டரைக்கூட வாயைத் திறந்தபடியே கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். அவருக்குப் பரம திருப்தி.

பிறகு கேசட்டையே எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினார். ஒப்பிடுவதென்றால் எல்லா மெஷினிலும் ஒரே இடத்தைத்தானே போட்டுப் பார்க்க வேண்டும்? மாமனார் வரும் இடத்தைப் பிடித்துக்கொண்டார். முகம், குரல், பின்னால் விளக்கு வெளிச்சம், எல்லாம் அங்கே இருந்தன. ஓட்டுவார், பின்னால் சுற்றுவார், மறுபடி ஓட்டுவார். மாமனாரை வாய் திறந்தபடி அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, படம் ஆடுகிறதா என்று விற்பனையாளரோடு வாதாடுவார். டேப் தேய்ந்துவிடும் என்று ஒருவர் எச்சரித்தார். அதையும் விசாரிப்பதாகச் சொல்லிவிட்டு நம்மவர் அடுத்த கடைக்குப் போனார்.

போகப் போகப் படம் மங்கியது. மெஷின்தான் மட்டம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடைசியில், முதல் கடையில் முதலில் பார்த்ததே தங்கம் என்று தீர்ப்பு வழங்கி, அதையே வாங்கிக்கொண்டு வீறுநடை போட்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி தரையில் உட்கார்ந்து, டிவிக்கு அருகே நகர்ந்துகொண்டாள். படம் பளிச்சென்று ஓடியது. நாற்காலிகள் தெரிந்தன. யாரென்றே தெரியாத ஒருவர் மூக்கைச் சொறிவதுகூடத் தெரிந்தது. அப்பா வரும் இடம் வந்ததும் திரை முழுக்க வெள்ளைக் கோடுகள். குரலுக்குப் பதில் கரகரப்பு. அப்புறம் படம் மறுபடியும் தெளிந்தது. அப்பா சொன்னதைக் கேட்டு, கேமரா பெண்ணின் பக்கம் திரும்பியிருந்தது.

"எத்தனை கடையிலங்க போட்டுப் பார்த்தீங்க?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாக் கடையிலயும்" என்றார். பாவம், அவருக்கு அழுகை வந்துவிட்டது.

உங்களுக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். இருந்தாலும் உண்மையைச் சொல்லுங்கள்: அந்த முதல் கடை மெஷின் எந்தக் கம்பெனி என்று கேட்க உங்கள் நாக்கு துறுதுறுக்கிறதா, இல்லையா?